பதிப்பு எண்கள் ஏன் பொய் சொல்கின்றன

விண்டோஸ் 11 போட்ட கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பதிப்பு எண்ணைக் காட்டும் ‘வெர்’ கட்டளையை அடித்துப் பாருங்கள். 11 என்று வராது, 10.0 என்று தொடங்கும் ஓர் எண் வரும். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அதே கட்டளைக்குப் பதில் 6.1. மேக் கணினிகளின் இயங்குதளத்துக்கு 2020-இல் 11-ஆம் பதிப்பு வந்தது. ஆனால் பழைய மென்பொருள் ஏதாவது கேட்டால் அது தன்னை 10.16 என்று சொல்லிக்கொள்ளும். 10.16 என்று ஒரு பதிப்பு வெளிவந்ததே கிடையாது. குரோம் பிரவுசர் எந்த இணையதளத்துக்குப் போனாலும் முதலில் ‘மொசில்லா’ என்று வேறொரு பிரவுசரின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது.

இதில் எதுவும் கைத்தவறுதலாக நடந்ததில்லை. விவரம் தெரிந்த பொறியாளர்கள், பின்விளைவுகளை யோசித்து, வேண்டுமென்றே செய்தது. ஒரே மென்பொருளை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பல இயங்குதளங்களிலும் அவற்றின் பல பதிப்புகளிலும் ஓடவைப்பது ஏன் இவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பதை இந்தப் பொய்களின் வழியாகப் பார்த்தால் நன்றாகவே புரியும்.

முதலில், ஒரு மென்பொருள் ஏன் இந்த எண்ணைக் கேட்கிறது? அதற்கு நியாயமான காரணம் உண்டு. ஃபைலைத் திறக்க, திரையில் எழுத, பிரிண்டருக்கு அனுப்ப என்று எல்லாவற்றுக்கும் மென்பொருள் இயங்குதளத்திடம்தான் போய் நிற்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் புதிதாக வந்த ஒரு வசதியை நம்பி எழுதிய நிரலை விண்டோஸ் 2000-இல் ஓட்டினால் அந்த வசதி அங்கே இருக்காது. நிரல் நடுவழியில் விழுந்துவிடும். அதனால் எழுதுபவர் முன்ஜாக்கிரதையாக, தொடக்கத்திலேயே ‘இது எக்ஸ்பியா, அல்லது அதற்குப் பிந்தையதா?’ என்று ஒரு சோதனை வைக்கிறார். இல்லையென்றால் ஒரு செய்தியைக் காட்டிவிட்டுக் கௌரவமாக வெளியேறிவிடலாம்.

எக்ஸ்பியின் உள் எண் 5.1. ஆகவே பலர் சோதனையை இப்படி எழுதினார்கள்: முதல் எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இரண்டாம் எண் 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இரண்டும் சரியென்றால் ஓடு. படித்தால் சரியாகத்தான் தோன்றுகிறது. 5.1-இல் ஓடுகிறது. 5.2-ஆன சர்வர் 2003-இலும் ஓடுகிறது. விண்டோஸ் 2000-இன் எண் 5.0, அங்கே ஒழுங்காக மறுத்துவிடுகிறது. அப்புறம் விஸ்டா வந்தது. அதன் எண் 6.0. முதல் எண் 6, அது 5-ஐவிடப் பெரியது, சரி. இரண்டாம் எண் 0, அது 1-ஐவிடச் சிறியது, தவறு. புத்தம் புதிய விண்டோஸைப் பார்த்து, ‘உங்கள் விண்டோஸ் மிகப் பழையது, எக்ஸ்பிக்கு மாறுங்கள்’ என்று மென்பொருள் சொல்லியது.

எழுதியவரை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் நிலையில் நின்று பாருங்கள். அவர் சோதித்த நாளில் உலகில் 6.0 என்று ஒன்றே இல்லை. இருந்த எல்லா விண்டோஸ்களிலும் ஓட்டிப் பார்த்தார், எல்லாவற்றிலும் சரியான விடைதான் வந்தது. பிழை இருக்கும் கிளையில் கால் வைக்க அவருக்கு வழியே இல்லை. பதிப்பைச் சோதிக்கும் நிரலுக்கு உள்ள தனி வில்லங்கம் இது: அது தப்பா என்பது, எழுதியவர் வேறு வேலைக்குப் போய், நிறுவனமே மூடிய பிறகு, அடுத்த பதிப்பு வரும் நாளில்தான் தெரியும்.

அந்த நாளில் திட்டு வாங்குவது யார்? நேற்று வரை ஓடிய மென்பொருள், இயங்குதளத்தை மாற்றியதும் ஓடவில்லை. பயனருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பார்வையில் புது விண்டோஸ்தான் கெடுத்தது. மென்பொருளை எழுதியவரைத் தேடிப்பிடித்துத் திருத்தச் சொல்லும் அதிகாரம் மைக்ரோசாப்டுக்குக் கிடையாது. அதன் கையில் இருப்பது, கேள்விக்குச் சொல்லும் பதில் மட்டும். அதை மாற்றினார்கள்.

இந்தத் தந்திரம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலேயே இருந்தது. 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0-உடன் ‘செட்வெர்’ என்ற சின்ன நிரல் ஒன்று சேர்ந்து வந்தது. அதற்கு வேலையே பொய் சொல்வதுதான். ஒரு பட்டியல் வைத்திருக்கும்: இந்தப் பெயருள்ள நிரல் பதிப்பைக் கேட்டால் 4.00 என்று சொல், அந்தப் பெயருள்ளது கேட்டால் 3.30 என்று சொல். வேடிக்கை என்னவென்றால், சிடி டிரைவுக்கான மைக்ரோசாப்டின் சொந்த நிரல், வேர்ட், எக்செல் ஆகியவையே அந்தப் பட்டியலில் இருந்தன. ஊரார் எழுதிய நிரலைக் குறை சொல்ல அந்த நிறுவனத்துக்கு வாய் இருந்திருக்காது.

1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது அதன் உண்மையான எண் 4.0. ஆனால் விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்கள் கேட்டால் அது 3.95 என்று சொன்னது. விண்டோஸ் 3.1 உள்ளே தன் எண்ணை 3, 10 என்று இரண்டு துண்டுகளாக வைத்திருந்தது. ‘இரண்டாம் எண் 10-க்குக் குறையக்கூடாது’ என்று எழுதிய நிரல்களுக்கு 4.0 என்று உண்மையைச் சொல்லியிருந்தால் விஸ்டா கதை பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும். 3.95 என்றால் முதல் எண் 3-க்குக் குறையவில்லை, இரண்டாம் எண்ணும் 10-க்குக் குறையவில்லை. தப்பாக எழுதிய சோதனையும் தேறிவிடும், சரியாக எழுதிய சோதனையும் தேறிவிடும். இந்தப் பழைய சோதனைகளைச் சுமக்காத 32-பிட் நிரல்களுக்கு மட்டும் 4.0 என்ற உண்மை சொல்லப்பட்டது.

விஸ்டாவில் சுட்டுக்கொண்ட பிறகு, அடுத்ததற்கு ‘7’ என்று பெயர் வைத்துவிட்டு எண்ணை 6.1 என்று வைத்தார்கள். பழைய மென்பொருள் உடையக்கூடாது என்பதற்காகத்தான் என்று மைக்ரோசாப்ட் 2008-இலேயே வெளிப்படையாகச் சொன்னது. 6.1 அழகான எண்: முதல் துண்டு 5-ஐவிடப் பெரியது, இரண்டாம் துண்டு 1. எக்ஸ்பி காலத்துத் தப்பான சோதனைகூட இதில் தேறிவிடும். விண்டோஸ் 8-க்கு 6.2, 8.1-க்கு 6.3. அதன் பிறகு 9-ஐத் தாண்டி 10. ‘விண்டோஸ் 9’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் அது 95 அல்லது 98 என்று முடிவு கட்டும் நிரல்கள் இருந்ததால்தான் 9 கைவிடப்பட்டது என்று இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. அப்படிச் சோதிக்கும் ஜாவா நிரல்கள் இருந்தது உண்மை. அதுதான் காரணம் என்று மைக்ரோசாப்ட் சொன்னதில்லை.

விண்டோஸ் 10-இல் உள் எண்ணையும் 10.0 என்று ஒருவழியாகப் பெயரோடு சேர்த்தார்கள். அந்த ஒற்றுமை 2021 அக்டோபர் வரைதான் நீடித்தது. விண்டோஸ் 11-இன் எண்ணும் 10.0, கடைசியில் வரும் பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் 11 என்று புரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவர்கள் கதையும் இதேதான்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் 2003 முடிவிலிருந்து 2011 வரை 2.6 என்ற எண்ணிலேயே இருந்தது. மூன்றாவதாக வரும் எண் மட்டும் 2.6.38, 2.6.39 என்று ஏறிக்கொண்டே போனது. எண் அசையாமல் இருந்த அந்த ஏழெட்டு வருடங்களில் எழுதப்பட்ட பல நிரல்கள், லினக்ஸ் என்றால் 2.6 என்றுதான் தொடங்கும் என்று நம்பத் தொடங்கிவிட்டன. லினக்ஸுக்கு இருபது வயதாகிறது என்று சொல்லி, பெரிய தொழில்நுட்ப மாற்றம் எதுவும் இல்லாமலே, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011 ஜூலையில் 3.0 என்று எண்ணை மாற்றினார். நிரல்கள் தடுமாறின. அடுத்த பதிப்பிலேயே கர்னலுக்குள் ஒரு தனி ஏற்பாடு வந்தது: அதை இயக்கிவிட்டு ஒரு நிரலைத் தொடங்கினால், அந்த நிரல் கேட்கும்போது 3.0 தன்னை 2.6.40 என்றும், 3.1 தன்னை 2.6.41 என்றும் சொல்லும்.

கர்னலில் இன்னொரு கூத்தும் நடந்தது. பதிப்பின் மூன்று எண்களையும் ஒரே எண்ணாகச் சுருக்கி வைக்கும்போது, கடைசி எண்ணுக்கு ஒதுக்கியது 8 பிட். அதாவது 255 வரைதான் இடம். நீண்டகாலப் பராமரிப்பில் இருந்த 4.4, 4.9 வரிசைகள் 2021-இல் 256-ஆவது திருத்தத்தை எட்டின. அப்படியே விட்டால் 4.9.256 என்பது கணக்கில் 4.10.0 என்று மாறிவிடும். சுருக்கிய எண்ணில் 255-க்கு மேல் ஏறாதபடி பூட்டு போட்டார்கள். வாரம் ஒரு திருத்தம் என்று ஒழுங்காக வேலை செய்ததற்குக் கிடைத்த தண்டனை.

மேக்கில் 2001 முதல் 2020 வரை எண் 10-லேயே நின்றது. 2014-இல் 10.10 வந்தபோதே சில நிரல்களுக்குத் தலை சுற்றியது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் 10.10 என்பது 10.9-க்கு முன்னால் வரும்; முதல் நான்கு எழுத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் 10.1, அதாவது 2001-ஆம் ஆண்டுப் பதிப்பு. 10.16 என்ற பொய்க்குக் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். இரண்டாம் எண்ணை மட்டும் பார்த்துப் பழகிய நிரலுக்கு 11.0 என்றால் அந்த எண் 0.

இயங்குதளங்களில் பொய் சொல்வது ஒரு தரப்புதான். அதற்கு ஒரு முதலாளி இருக்கிறார், வேண்டுமானால் நிறுத்தலாம். பிரவுசர்களில் அதுவும் இல்லை. அதனால் அங்கே பொய் மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டே போனது.

பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது தன் பெயரையும் சேர்த்து அனுப்பும். தொண்ணூறுகளில் பிரபலமாக இருந்த நெட்ஸ்கேப் பிரவுசர் தன்னை ‘மொசில்லா’ என்று அழைத்துக்கொண்டது. நெட்ஸ்கேப் 2-இல், பக்கத்தைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதி வந்ததும் சில தளங்கள், பெயர் மொசில்லா என்றால் ஃபிரேம் உள்ள பக்கம், இல்லையென்றால் சாதாப் பக்கம் என்று பிரித்து அனுப்பத் தொடங்கின. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் அந்த நல்ல பக்கம் வேண்டும். அதனால் ‘மொசில்லா’ என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் ‘ஒத்துப்போகக்கூடியது’ என்று சேர்த்துக்கொண்டது. பிறகு நெட்ஸ்கேப்பிலிருந்து பிறந்த மொசில்லா குழுவின், பக்கத்தைத் திரையில் வரையும் கெக்கோ என்ஜின் பிரபலமானதும் கேஹெச்டிஎம்எல் என்ற என்ஜின் ‘கெக்கோ மாதிரி’ என்று போட்டுக்கொண்டது. அதிலிருந்து பிறந்த ஆப்பிளின் சஃபாரி 2003-இல் இவை எல்லாவற்றையும் சுமந்து வந்தது. 2008-இல் குரோம் வந்தபோது இவற்றோடு சஃபாரியையும் சேர்த்தது. 2015-இல் மைக்ரோசாப்டின் எட்ஜ் வந்து, குரோம், சஃபாரி, கெக்கோ மாதிரி, மொசில்லா என்று அத்தனை பெயரையும் சொல்லிவிட்டு, வரியின் கடைசியில் தன் பெயரைச் சொன்னது.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11. பல வருடங்களாக அந்த பிரவுசர் தரநிலைகளை மதிக்காததால், தளங்கள் அதன் பெயரைப் பார்த்ததும் தனியாக ஒட்டுப்போட்ட பழைய பக்கத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. 11-ஆம் பதிப்பு பெரும்பாலும் திருந்திவிட்டது. ஆனால் தன் பெயரைச் சொன்னால் தளங்கள் பழைய பக்கத்தைத்தானே தரும்? 2013-இல் வந்த அந்தப் பதிப்பு தன் வழக்கமான அடையாளத்தை எடுத்துவிட்டு ‘கெக்கோ மாதிரி’ என்று போட்டுக்கொண்டது. திருந்தியதை நிரூபிக்கப் பெயரை மறைக்க வேண்டியிருந்தது.

எண்ணிலும் இதே பாடுதான். ஓபரா பிரவுசர் 2009-இல் 10-ஆம் பதிப்பை எட்டியது. ஓரிலக்க எண்ணையே பார்த்துப் பழகிய தளங்கள் அதை 1 என்று படித்தன. ஓபரா தன்னை 9.80 என்று சொல்லிவிட்டு, வரியின் கடைசியில் உண்மையான எண்ணை வைத்தது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2022-இல் 100-ஐத் தொட்டபோது இரண்டு நிறுவனங்களுமே மாதக்கணக்கில் முன்கூட்டிச் சோதித்தன. நிலைமை மோசமானால் 99 என்றே சொல்லிக்கொள்வது என்று மாற்றுத் திட்டமும் தயாராக இருந்தது. அது தேவைப்படவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை எண் ஏறிக்கொண்டே இருந்ததால் தளங்கள் அதற்குப் பழகியிருந்தன என்பது இதற்கு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அசையாமல் நிற்கும் எண்தான் ஆபத்தானது. இன்றும் மேக்கில் ஓடும் குரோம், சஃபாரி போன்ற பிரவுசர்கள், கணினி ஆப்பிளின் சொந்தச் சில்லில் ஓடினாலும், ‘இன்டெல் மேக், 10.15.7’ என்றே தளங்களிடம் சொல்கின்றன. விண்டோஸ் 11-இல் அந்த வரி ‘விண்டோஸ் என்டி 10.0’ என்று உறைந்து கிடக்கிறது.

எண் உண்மையாக இருந்தால் மட்டும்?

ஒரு வாதத்துக்கு, யாரும் பொய் சொல்லவில்லை, எல்லா நிரலாளரும் சரியாக ஒப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எண் நமக்கு வேண்டியதைச் சொல்வதில்லை.

எக்ஸ்பி காலத்தில் கணினியில் தமிழ் படித்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். யூனிகோட் தமிழ் விண்டோஸ் 2000-இலேயே வந்துவிட்டது, எக்ஸ்பியிலும் உண்டு. ஆனால் கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான ஃபைல்களை நிறுவும் பெட்டியை டிக் செய்து, எக்ஸ்பி சிடியைப் போட்டு, கணினியை மறுபடி தொடங்கினால்தான் முழுதாக வேலை செய்யும். செய்யாத கணினியில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து, வட்டப் புள்ளிகளோடு தனித்தனியாக நிற்கும். இரண்டு கணினிகளும் கேட்டால் 5.1 என்றுதான் சொல்லும். ஒன்றில் தமிழ் தெரியும், மற்றதில் சிதறும்.

சர்வர் பார்ப்பவர்களுக்கு ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் நினைவுக்கு வரும். 2014-இல் வந்த அதன் 7-ஆம் பதிப்பில் கர்னல் எண் 3.10, 2019-இல் வந்த 8-ஆம் பதிப்பில் 4.18. வருடங்கள் ஓடினாலும் அந்த எண் அப்படியே இருக்கும். ஆனால் உள்ளே, பிந்தைய கர்னல்களில் வந்த திருத்தங்களையும் வசதிகளையும் பொறுக்கி எடுத்து ஆயிரக்கணக்கில் புகுத்திக்கொண்டே இருப்பார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் பாதுகாப்பு ஸ்கேனர் ‘இது ஓட்டை உள்ள பழைய பதிப்பு’ என்று அலறும்; ஓட்டை எப்போதோ அடைக்கப்பட்டிருக்கும். இதை விளக்கி மேலதிகாரிக்கு மெயில் எழுதாத சிஸ்டம் அட்மின் இருக்க மாட்டார்.

அதனால், நீ யார் என்று கேட்பதை விட்டுவிட்டு உன்னால் இது முடியுமா என்று கேட்பதே சரி என்ற கருத்து வந்தது. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் உலகில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு யூனிக்ஸ் இருந்த காலத்தில், 1991-இல், டேவிட் மெக்கன்சி ஆட்டோகான்ஃப் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். லினக்ஸில் எதையாவது மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தவர்கள், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றியவர்கள், திரையில் ‘இது இருக்கிறதா... ஆம், அது இருக்கிறதா... இல்லை’ என்று நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கருவி இயங்குதளத்தின் பெயரை நம்புவதில்லை. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குட்டி நிரலை எழுதி, கம்பைல் ஆகிறதா என்று பார்த்து முடிவு செய்கிறது. சலிப்பூட்டும் முறைதான். ஆனால் ஆட்டோகான்ஃப் எழுதிய நாளில் இல்லாத இயங்குதளத்திலும் அது பெரும்பாலும் சரியாக வேலை செய்துவிடும்.

ஆனாலும் ஒரு வசதி இருக்கிறதா என்பது வேறு, அது நேற்றுப் போலவே நடந்துகொள்ளுமா என்பது வேறு. 2010 முடிவில் ஃபெடோரா 14 லினக்ஸ் வந்ததும், 64-பிட் கணினிகளில் அடோபி ஃபிளாஷ் வழியாக வீடியோ பார்த்தவர்களுக்கு ஒலி கரகரவென்று சிதைந்து கேட்டது. காரணம், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை நகலெடுக்கும் ‘மெம்காப்பி’ என்ற மிக அடிப்படையான ஒரு செயல்பாடு. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படியக்கூடாது, படிந்தால் ‘மெம்மூவ்’ என்ற வேறொன்றைப் பயன்படுத்து என்பது பல காலமாக உள்ள விதி. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. முன்னிருந்து பின்னாக நகலெடுத்த காலம் வரை மீறலால் கெடுதல் எதுவும் வெளியே தெரியவில்லை. புதிய சில்லுகளில் வேகம் கூடட்டும் என்று மெம்காப்பி போன்ற அடிப்படைச் செயல்பாடுகளை நிரல்களுக்குத் தரும் கிளிப்சி லைப்ரரியில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்க மாற்றினார்கள், ஒலி சிதைந்தது.

விதிப்படி குற்றம் ஃபிளாஷுடையது. டோர்வால்ட்ஸ் அந்தப் பிழைப் புகாருக்குள் வந்து, பயனருக்கு விதியைப் பற்றி என்ன கவலை, ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்று சண்டை பிடித்தார். கர்னலைப் பொறுத்தவரை அவருக்கு இது மதம் மாதிரி. பயனர் நிரலை உடைக்கும் மாற்றம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது கர்னலின் பிழைதான் என்று 2012-இல் ஒரு பராமரிப்பாளரைப் பெரிய எழுத்தில் திட்டியிருக்கிறார். கிளிப்சி கடைசியில் இரண்டு மெம்காப்பிகளை வைத்துக்கொண்டது. பழைய நிரல்கள் கேட்டால் பழைய, பாதுகாப்பானது கிடைக்கும். 2.14-ஆம் பதிப்பிலோ அதற்குப் பிறகோ புதிதாகக் கம்பைல் செய்த நிரலுக்குப் புதியது.

இதற்கும் விலை உண்டு. புதிய லினக்ஸில் கம்பைல் செய்த நிரலைப் பழைய லினக்ஸில் ஓட்டினால், அது கேட்கும் புதிய மெம்காப்பி அங்கே இல்லை, தொடங்கவே தொடங்காது. ஆகவே பலருக்கும் விநியோகிக்கும் நிரலைக் கிடைப்பதிலேயே பழைய லினக்ஸில் கம்பைல் செய்வது வழக்கமாகிவிட்டது. பைத்தான் நிரல்மொழி உலகில் இதை 2016-இல் விதியாகவே எழுதிவைத்தார்கள்; அன்று அடிப்படையாக எடுத்துக்கொண்டது 2007-இல் வந்த சென்ட்ஓஎஸ் 5 லினக்ஸ்.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி இருக்கிறது: போதிய பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் நீங்கள் எதை வாக்குறுதி கொடுத்தீர்கள் என்பதே பொருட்டில்லை, வெளியே தெரியும் உங்கள் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். மெம்காப்பி எந்தத் திசையில் நகலெடுக்கிறது என்பதை யாரும் வாக்குறுதியாகக் கொடுக்கவில்லை. விண்டோஸ் 95-ஐத் தயாரித்தபோது சிம்சிட்டி விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி படிப்பதைக் கண்டுபிடித்து, அந்த ஒரு விளையாட்டுக்காக நினைவகத்தை உடனே மறுபயன்பாட்டுக்கு விடாத தனி முறையை வைத்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் கதையும் இந்த வகைதான். இப்படிப்பட்ட ஒட்டுகளின் பெரிய பட்டியல் ஒன்று இன்றைய விண்டோஸிலும் உள்ளேயே இருக்கிறது. எந்த நிரலுக்கு எந்தப் பொய், எந்த ஒட்டு என்று அதில் பார்த்துத்தான் பழையவற்றை ஓட்டுகிறது. ஐகானை ரைட் கிளிக் செய்தால் வரும் கம்பாட்டிபிலிட்டி தாவலில், ‘எக்ஸ்பி மாதிரி ஓட்டு’ என்று நாமே தேர்ந்தெடுப்பது அதே ஏற்பாட்டின் கைப்பிடி.

கேள்வி திரும்பியது

இத்தனை பட்ட பிறகு கிடைத்த நல்ல யோசனை, கேள்வி கேட்கும் ஆளை மாற்றுவது. இயங்குதளத்தின் எண்ணை நிரல் கேட்பதற்குப் பதில், நிரலின் எண்ணை இயங்குதளம் கேட்கட்டும்: உன்னை எந்தப் பதிப்புக்காக எழுதினார்கள், எதில் சோதித்தார்கள்?

விண்டோஸ் 8.1 இதைக் கறாராகச் செய்தது. நிரலோடு வரும் மேனிஃபெஸ்ட் என்ற அறிவிப்பில் ‘8.1-ஐ எனக்குத் தெரியும்’ என்று எழுதியிருந்தால் 6.3 என்ற உண்மை சொல்லப்படும். எழுதவில்லையா, பதில் 6.2, விண்டோஸ் 8 வரைக்குமான உலகமே அந்த நிரலுக்குக் காட்டப்படும். ஆண்ட்ராய்டு தொடக்கத்திலேயே ஓரளவு தெளிவாக இருந்தது. வெளியே இனிப்புப் பெயர்களும் புள்ளி வைத்த எண்களும் இருந்தாலும், உள்ளே 1, 2, 3 என்று ஏறும் ஒரே முழு எண். ஒப்பிடுவதில் தப்பு செய்ய இடமே இல்லை. செயலி தான் குறிவைக்கும் எண்ணைச் சொல்லும், அதற்கேற்ப ஆண்ட்ராய்டு நடந்துகொள்ளும்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இன் உள் எண் 23. அதில்தான் கேமரா, தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்குச் செயலி ஓடும்போது தனித்தனியாக அனுமதி கேட்கும் முறை வந்தது. 22 அல்லது அதற்குக் கீழே குறிவைத்த செயலிகள் இந்த மாற்றத்தில் உடைந்துவிடக் கூடாது என்று, அவற்றுக்கு மட்டும் நிறுவும்போதே எல்லா அனுமதியும் மொத்தமாகத் தரும் பழைய முறை தொடர்ந்தது. நல்லெண்ணத்தில் வைத்த ஏற்பாடு. ஆனால் அனுமதி கேட்டுப் பயனரைத் தொந்தரவு செய்ய விரும்பாதவர்கள் 22-லேயே தங்கிவிட்டார்கள். தீம்பொருள் எழுதுபவர்களுக்கு அது இன்னும் வசதி. கூகுள் 2018 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோருக்கு வரும் புதிய செயலிகள் குறைந்தது 26-ஐக் குறிவைத்தாக வேண்டும் என்றது. 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, 23-க்குக் கீழே குறிவைக்கும் செயலியை நிறுவவே மறுத்துவிட்டது. செயலி தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணும் பொய்யாகலாம் என்பதைக் கூகுள் எட்டு வருடத்தில் கற்றுக்கொண்டது.

இதே காலத்தில், வங்கித் தளம் முதல் வாட்ஸ்அப் வெப் வரை பூட்டுப் படம் காட்டும் எல்லா இணைப்புகளுக்கும் அடியில் இருந்து, தகவலை மறைகுறியாக்கி அனுப்பும் டிஎல்எஸ் நெறிமுறையும் இதே சுவரில் மோதியது. 1.2-ஆம் பதிப்பு 2008-இல் வந்தது. அடுத்த பத்து வருடத்தில் உலகெங்கும் அலுவலகங்களில் வைத்த ஃபயர்வால்களும், இணைப்பை நடுவில் நின்று கண்காணிக்கும் இடைப்பெட்டிகளும், தெரியாத எண்ணைக் கண்டால் தெரிந்த எண்ணுக்கு இறங்கிப் பேச வேண்டும் என்ற விதியை மறந்து, இணைப்பையே வெட்டின. 2018 ஆகஸ்டில் வெளியான 1.3, பதிப்பு எண் இருக்கும் இடத்தில் இன்றும் 1.2 என்றே எழுதி அனுப்புகிறது. ‘எனக்கு 1.3 தெரியும்’ என்ற உண்மை, பழைய பெட்டிகள் எட்டிப் பார்க்காத ஒரு கூடுதல் பகுதியில் இருக்கிறது.

சரி, அந்தக் கூடுதல் பகுதியும் நாளை இப்படித் துருப்பிடித்துப் போனால்? இதற்குக் கூகுளின் டேவிட் பெஞ்சமின் முன்வைத்து, 2020-இல் ஆர்எஃப்சி 8701 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான வழிக்குப் பெயரே ‘கிரீஸ்’. அசையாத கீலுக்கு மசகு போடுவது போன்ற வேலை என்பதால் அந்தப் பெயர். யாருக்கும் எந்தப் பொருளும் இல்லாத சில எண்களை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். குரோம் போன்ற பிரவுசர் ஒவ்வொரு இணைப்பிலும், தனக்குத் தெரிந்த பதிப்புகளின் பட்டியலில் அவற்றில் ஏதாவது ஒன்றைத் தற்செயலாகப் பொறுக்கிச் சேர்த்து அனுப்பும். விதிப்படி எழுதிய சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. தெரியாத எண்ணைக் கண்டு விழும் சர்வரை யாராவது எழுதினால், 1.4 வரும் நாள்வரை அந்தப் பிழை ஒளிந்திருக்க முடியாது. குரோமைத் திறந்து முதல்முறை சோதிக்கும்போதே, தன் மேசையிலேயே விழுந்துவிடும்.